நெட்டையின் சாவி

மாவு மில்லின் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊதியது. காலை ஒன்பது நாற்பது. ஷிப்ட் மாறுகிற நேரமும் இல்லை, சாப்பாட்டு நேரமும் இல்லை. ஒரு தடவை ஊதி நிற்காமல், மூச்சு வாங்கி வாங்கி மறுபடி மறுபடி ஊதியது.

ஸ்டூடியோ சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தும் சத்தம் உள்ளே வந்து மைக்கில் ஏறிவிட்டது. குப்பை வண்டி மூன்று நாளாக வரவில்லை என்று லைனில் புலம்பிக்கொண்டிருந்த நேயர் பாதியில் நிறுத்திவிட்டு, "என்ன சார் அது, உங்க பக்கமும் கேக்குதா?" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் இருந்தவர் நிகழ்ச்சியை நடத்துகிறவர். இருபது வருடமாக காலை எட்டிலிருந்து பதினொன்று வரை அந்த ஊரோடு பேசுவது அவர் வேலை. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'தொண்டை'. அவர் கண்ணாடி வழியாக இந்தப் பக்கம் பார்த்தார்.

இந்தப் பக்கம் போன் மேசையில் ஆறு லைனும் ஒன்றாக மின்னத் தொடங்கின.

ஊரில் எது நடந்தாலும் ஜனங்கள் முதலில் ரேடியோவுக்குத்தான் போன் போடுவார்கள். தீயணைப்புக்கே அப்புறம்தான். அந்த மேசையில் உட்கார்ந்து யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்று பிரித்து உள்ளே அனுப்புகிறவளுக்கு 'கத்திரி' என்று பெயர் வைத்தது தொண்டைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கத்திரி முதல் லைனை எடுத்தாள். "அக்கா, மில்லுல சங்கு ஊதுது, என்னாச்சு?" இரண்டாவதும் அதே கேள்வி. மூன்றாவது ஆள் மூச்சிரைத்தான். "குதிருக்குள்ள ஆளு போயிருச்சு. நான் லாரி டிரைவர், வாசல்லதான் நிக்கிறேன். உள்ள ஓடுறாங்க."

"யாருன்னு தெரியுமா?"

"பெல்ட் பக்கத்து ஆளாம். அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு."

கத்திரியின் கணவன் பெல்ட் பக்கத்து ஆள். இரும்புக் குதிர்களுக்கு அடியில் கோதுமையை இழுத்துப் போகிற பெல்ட்டை ஓட்டுகிறவன்.

அவள் கை தானாக வேலையைத் தொடர்ந்தது. பதினாலு வருடப் பழக்கம். உள்ளே தொண்டைக்குத் தெரிகிற திரையில் தட்டினாள்: 'மில். விபத்து. உறுதியில்லை. பேர் எதுவும் சொல்ல வேண்டாம்.' இடது கையால் சொந்தப் போனை எடுத்துக் கணவன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வலது கையால் நாலாவது லைனை எடுத்து, "வணக்கம், ஊர் பேசுது, சொல்லுங்க," என்றாள்.

நாற்பது நிமிடம் அப்படிப் போனது. ஐம்பது பேராவது கூப்பிட்டிருப்பார்கள். அத்தனை பேரிடமும், "விசாரிச்சுட்டு இருக்கோம், ரேடியோவ கேட்டுட்டே இருங்க," என்று சொல்லிக்கொண்டே, காதின் ஒரு ஓரத்தில் எடுக்கப்படாத அந்த மணியையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து இருபதுக்கு அவன் எடுத்தான்.

"நான் இல்ல," என்றான். பிறகு, "நெட்டை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நெட்டை இவர்கள் வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் நுழைவான். ஒருமுறை குனிய மறந்து இடித்துக்கொண்டு, "உங்க வீட்டைக் கட்டினவன் என்னைய ஆளாவே மதிக்கல அண்ணி," என்று நெற்றியைத் தேய்த்தான். பதினோரு வருடம் அவனும் கத்திரியின் கணவனும் ஒரே ஷிப்ட். ஒருத்தரையொருத்தர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு உறவும் கிடையாது.

ஐந்து நாளாக அடைமழை. குதிருக்குள் கோதுமை ஈரம் கோத்து, கட்டி கட்டியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்காது. யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது அடியில் பெல்ட் ஓடினால் கோதுமை சுழன்று கீழே இறங்கும். நிற்கிற ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்காகவே மில்லில் ஒரு ஏற்பாடு. ஒவ்வொருத்தனுக்கும் எண் போட்ட ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே இறங்குகிறவன் பெல்ட் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அவனே வெளியே வந்து அவனே திறக்கிற வரை சுவிட்சை எவனும் தொட முடியாது.

மத்தியானம் மில்லிலிருந்து அறிக்கை வந்தது. நிலையத்து வழக்கப்படி அறிக்கை எதுவானாலும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். அன்று வீட்டுக்குப் போகாமல் இருந்த தொண்டை இரண்டு தடவையும் ஒரே குரலில் வாசித்தார். இறந்த தொழிலாளி மது அருந்தியிருந்தார், அனுமதி வாங்கவில்லை, சுவிட்சுக்குப் பூட்டும் போடவில்லை, ஆழ்ந்த இரங்கல்.

வாசித்து முடித்து வெளியே வந்தவர், "அவன் குடிப்பானா கத்திரி?" என்று கேட்டார்.

"டீயே ரெண்டு வாய்தான் குடிப்பார் அண்ணே. வயித்துப் புண்ணு."

தொண்டை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டில் அவள் கணவன் குளியலறையை விட்டு வரவே இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் அரை மணி நேரமாகக் கேட்டது. தட்டினாள். "தலைல தூசி போக மாட்டேங்குது," என்றான் உள்ளேயிருந்து. ரொட்டியும் முட்டையும் வைத்தாள். முட்டையை நாலாக வெட்டினான், எட்டாக வெட்டினான், சாப்பிடவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள், "நெட்டை மாமா குடிச்சிட்டு விழுந்துட்டாருன்னு பஸ்ல பேசிக்கிறாங்கப்பா. அவங்க பாப்பா என் ஸ்கூல்தான். அவகிட்டயும் கேட்டாங்க," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னேன்."

"அதையே சொல்லு," என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நெட்டையின் மனைவி ரேடியோவுக்குக் கூப்பிட்டாள். தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா அடிக்கிறவள். குரல் அழுது ஓய்ந்த குரலாக இல்லை. கடையில் அளவு சொல்கிற குரலாக இருந்தது. கத்திரி யோசிக்காமல் உள்ளே அனுப்பிவிட்டாள்.

"என் புருஷன் துணிமணிய ஆஸ்பத்திரில ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க சார். சட்டைப் பையில ஒரு சாவி இருந்துச்சு. சின்னச் சாவி. பதினாலுன்னு நம்பர் போட்டிருக்கு. எங்க வீட்ல இந்தச் சாவிக்குப் பூட்டே இல்ல. ஊர்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. இது எந்தப் பூட்டோட சாவி?"

தொண்டை சாவியின் எண்ணை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போனார்.

அது எந்தச் சாவி என்று மில்லில் வேலை பார்க்கிற முந்நூறு பேருக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்; கேட்டவளுக்கும் தெரியாமல் இருக்காது. கத்திரியின் வீட்டுச் சாவிக் கொத்திலேயே ஒன்பது என்று போட்ட ஒன்று தொங்குகிறது. சாவி பையில் இருந்தால் பூட்டு சுவிட்சில் இருந்திருக்கிறது. அப்புறம் அதைத் திறந்தது யார்?

அன்றைக்கு வந்த அழைப்புகளில் குப்பை வண்டி இருந்தது, சாக்கடை இருந்தது, கவுன்சிலரை ஆளைக் காணோம் என்பதும் இருந்தது. சாவியைப் பற்றி ஒருத்தரும் கூப்பிடவில்லை.

நிலைய மேலாளர் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மில்தான் காலை நிகழ்ச்சியின் விளம்பரதாரர். மணி சொல்லும்போதெல்லாம் மில்லின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"பாவம்தான். எனக்கும் மனசு இருக்கு," என்றார் மேலாளர். "விசாரணை நடக்கட்டும். அதுவரைக்கும் அந்தப் பொம்பள கூப்பிட்டா கிணத்துல போட்டுடு."

கிணறு என்பது கத்திரியின் கண்டுபிடிப்பு.

ஸ்டூடியோவில் பேசுவது ஏழு வினாடி கழித்துத்தான் ஊருக்குப் போகும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அந்த ஏழு வினாடிக்குள் பொத்தானை அழுத்தி வெட்டலாம். எல்லா நிலையத்திலும் உள்ளதுதான். ஆனால் வெட்டுப்பட்டவன் சும்மா இருக்க மாட்டான். மறுபடி கூப்பிட்டுக் கத்துவான், நேரில் வந்து கண்ணாடியை உடைப்பான். ஒருமுறை உடைத்தும் இருக்கிறான். அதற்குப் பிறகுதான் கத்திரி ஒரு யோசனை சொன்னாள். வெட்டுவது அவனுக்குத் தெரியவே வேண்டாம். அவள் மேசையில் ஒரு நீலப் பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் ஊருக்குப் பாட்டுப் போகும், ஸ்டூடியோவில் நீல விளக்கு எரியும், தொண்டை மட்டும் லைனில் இருந்து, "ம்... ம்... சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கூப்பிட்டவன் ஊரே கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வைப்பான். ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் போனில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் ஆளுக்குச் சந்தேகமே வராது.

இதில் அவள் கணவனுக்கு ஏகப்பட்ட பெருமை. விருந்துக்குப் போன இடத்திலெல்லாம் ஒரு கதை சொல்வான். நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் வீட்டுக் குரல் காற்றில் போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. கத்திரியின் தம்பி ஒருநாள் ரோடு காண்டிராக்டரைத் திட்ட வேண்டும் என்று குரலை மாற்றிக்கொண்டு கூப்பிட்டுவிட்டான். "முதல் வார்த்தையிலேயே கண்டுபிடிச்சிட்டா. கூடப் பொறந்தவன்னும் பாக்கல, தூக்கிக் கிணத்துல போட்டுட்டா. பத்து நிமிஷம் பேசியிருக்கான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'அக்கா, என் பேச்சு எப்படி இருந்துச்சு'ங்கிறான். இவ டீயக் குடுத்து, 'நல்லா இருந்துச்சுடா'ங்கிறா." இந்தக் கதைக்கு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பது நெட்டையாகத்தான் இருக்கும்.

நெட்டையின் மனைவி மறுநாளும் கூப்பிட்டாள். கத்திரி நீலத்தை அழுத்தினாள். ஊருக்கு ஒரு பழைய டூயட் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொண்டை தலையைக் குனிந்துகொண்டு, "ம்... சொல்லும்மா," என்று பத்து நிமிடம் சொன்னார். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பேசி முடித்தபின் தொண்டை வெளியே வந்து, கத்திரியின் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா? காலர் பட்டன கடைசியா தைச்சு விட்டது அவதானாம். அதுல கோதுமை மணி ஒண்ணு மாட்டியிருந்துச்சாம். அதை எடுத்து வெச்சிருக்காளாம். நான் 'ம்'ங்கிறேன். இருபது வருஷத்துல இந்த 'ம்' இவ்வளவு கேவலமா இருந்ததில்ல."

அன்று சாயங்காலம் அவள் கணவன் கேட்டான். "அவ இன்னிக்கும் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"கிணத்துலயா?"

"ம்."

"எவ்வளவு நேரம் பேசினா?"

"பத்துப் பன்னெண்டு நிமிஷம்."

அவன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேசி முடிச்சதும் அவளுக்குக் கொஞ்சமாவது லேசா இருந்திருக்கும் இல்ல?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொல்லுவ, கொட்டிட்டா எல்லாருக்கும் ஆறிடும்னு."

அவள் துவைக்கப் போட வேண்டிய துணிக்காக அவனுடைய சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தாள். டப்பாவுக்கு அடியில், ஒரு துண்டில் சுற்றி, கனமாக ஏதோ விழுந்தது. பித்தளைப் பூட்டு. திருப்பிப் பார்த்தாள். பதினாலு.

மகள் உள் அறையில் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கத்திரி கதவைச் சாத்திவிட்டு வந்து பூட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"

அவன் பூட்டைப் பார்க்கவில்லை. "சூப்பர்வைசர் குடுத்தாரு. எங்கயாவது தூக்கிப் போடுன்னாரு."

"பூட்டு சுவிட்சுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தொறந்தது யாரு?"

"அவருதான். எல்லா பூட்டுக்கும் டூப்ளிகேட் அவர்கிட்ட இருக்கு. 'அவன் மேல ஏறி வந்துட்டான், பூட்டை எடுக்க மறந்துட்டான், ரெண்டு லாரி காத்துக் கிடக்கு'ன்னாரு. தொறந்தாரு."

"நீங்க பாத்துட்டு இருந்தீங்களா?"

"பாத்துட்டு இருந்தேன்."

"அப்போ அதைச் சொல்லலாம்ல? உங்க மச்சான் குடிகாரன்னு ஊரு பூரா பேசுது. அந்தப் பொண்ணு தினம் லைன்ல வந்து எங்கிட்ட கெஞ்சுது. நான் அவளைப் பாட்டுக்கு அடியில போட்டு அமுக்குறேன்."

"யாருகிட்ட சொல்லச் சொல்ற? விசாரணைக்கு வந்த அதிகாரி சூப்பர்வைசர் ரூம்லதான் உக்காந்து டீ குடிக்கிறாரு." அவன் பூட்டை எடுத்துத் துண்டில் மறுபடி சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி. "தூக்கிப் போடத்தான் தினம் எடுத்துட்டுப் போறேன். பாலம் வரைக்கும் போறேன். கை வர மாட்டேங்குது."

வேறு ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பதினாலு வருடமாக முகம் தெரியாத குரல்களைப் பிரிக்கிறவள். பாதி சொல்லி மீதியை விழுங்குகிற குரல் எது என்று தெரியாதா. ஆனால் கட்டிய புருஷனைத் துருவுவதற்கு அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் நெட்டையின் மனைவி கூப்பிட்டபோது பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, நேத்து நான் பேசினது ரேடியோல வரவே இல்லையாமே."

கத்திரியின் விரல் நீலத்தின் மேல் இருந்தது.

"எதிர் வீட்ல சொன்னாங்க. முந்தாநாளும் வரலையாம். பாட்டுதான் ஓடுச்சாம். நான் அந்த சாரோட பேசிட்டு இருந்தேனே அக்கா. அவர் 'சொல்லும்மா, சொல்லும்மா'ன்னாரே."

"டெக்னிக்கல் கோளாறா இருக்கும்மா," என்றாள் கத்திரி. தன் வாய்தான் சொல்கிறது என்பதை நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளுமா?"

கத்திரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொண்டையைப் பார்த்தாள்.

"சரிக்கா. எம்மேல தப்புதான். ஊரே கேட்டுச்சு, அப்படியும் ஒருத்தரும் வாய் தொறக்கலையேன்னு ஜனங்களத் திட்டிட்டு இருந்தேன். கேக்கவே இல்லையா அவங்க? அதுவும் நல்லதுதான். நான் இனிமே கூப்பிட மாட்டேன்."

லைன் அணைந்தது. மற்ற ஐந்தும் மின்னிக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் அவள் கூப்பிடவில்லை. எட்டு மணிக்கு உட்காரும்போதெல்லாம் கத்திரியின் கண் அந்த எண்ணைத் தேடியது. மழை விடவில்லை. நிலையத்து வாசலில் சாக்குப் போட்டு மிதித்து மிதித்து அது சேறாகிக் கிடந்தது.

மூன்றாம் நாள், ஒன்பதரை தாண்டியிருக்கும், மூன்றாவது லைன்.

"வணக்கம், ஊர் பேசுது, சொல்லுங்க."

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். அப்புறம், "வணக்கம்," என்றது குரல்.

போனில் கைக்குட்டையைப் போட்டு மூடியிருந்தான். ஆனாலும் பதினாறு வருடம் ஒரே தலையணை.

"எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்றாள். இதைத்தான் எல்லோரிடமும் கேட்பாள்.

"அந்தச் சாவியப் பத்தி."

"பேரு?"

"பேரு வேணாம். மில் தொழிலாளின்னு போட்டுக்கங்க."

"ரேடியோ பக்கத்துல இருக்கா?"

"இல்ல. சாக்கு ஷெட்டுக்குப் பின்னாடி நிக்கிறேன். இங்க எதுவும் கேக்காது."

அவனுக்கு அவளைத் தெரியும். அவளுக்கு அவனைத் தெரியும். இரண்டு பேரும் வேற்று ஆள் மாதிரிப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக் குரல். விதிப்படி இங்கேயே வைத்துவிட வேண்டும். அல்லது நீலம். அவள் கொஞ்ச நேரம் மழையைக் கேட்டாள்.

"லைன்ல இருங்க," என்றாள்.

திரையில் தட்டினாள்: 'மில் தொழிலாளி. சாவி.' தொண்டை படித்தார். கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீல விளக்கைப் பார்த்தார். அது எரியவில்லை.

"மூணாவது லைன்ல ஒரு நேயர். சொல்லுங்க தம்பி," என்றார் எச்சரிக்கையாக.

"கேக்குதுங்களா?"

"கேக்குது."

"அந்தப் பதினாலாம் நம்பர் சாவி... அது பெல்ட் சுவிட்ச் பூட்டோட சாவி." நிறுத்தினான். "நான் லைன்ல இருக்கேனா?"

"இருக்கீங்க, சொல்லுங்க."

"அவன் குடிக்கல. அவன் குடிக்கவே மாட்டான். பூட்டைப் போட்டுட்டுத்தான் இறங்கினான். எம்முன்னாடிதான் போட்டான். 'மச்சான், பத்து நிமிஷம், வந்துடுறேன்'னான்."

மேலாளரின் கால்கள் மாடிப்படியில் இறங்கி வருவது கேட்டது. கத்திரி எழுந்து தன் அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சூப்பர்வைசர் டூப்ளிகேட் சாவிய வெச்சுப் பூட்டைத் தொறந்தாரு. லாரி நிக்குதுன்னாரு. ஆளு மேல வந்துட்டான்னாரு. பதினாறு படி ஏணி சார். ஏறிப் பாத்துட்டு வர்றேன்னு நான் சொல்லியிருக்கணும். எட்டிப் பாத்திருந்தாப் போதும். மழைல படி வழுக்கும்னு சோம்பல்." மழைச் சத்தம். அவன் மூச்சு. கைக்குட்டை நழுவியிருக்க வேண்டும், குரல் தெளிவாகிவிட்டது. "சுவிட்சப் போட்டது நான்தான்."

ஏழு.

அவள் விரல் தானாகப் போய் நீலத்தைத் தொட்டது. இந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடலாம். சூப்பர்வைசர் திறந்தார் என்பது போய்ச் சேர்ந்துவிட்டது; நெட்டை குடிக்கவில்லை என்பதும் போய்ச் சேர்ந்துவிட்டது. இது ஒன்று மட்டும் பாட்டுக்கு அடியில் போகட்டும். தொண்டை கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மேலாளர் கதவைத் தட்டினார். மனுஷன் மழையில் நின்று, தானாக வாயைத் திறந்து, எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறான். நெட்டையின் மனைவியை அமுக்கிய விரலால் இவனையும் அமுக்குவதா. வேண்டாம் என்று அவனே ஒரு ஜாடை காட்டியிருந்தால்கூட அழுத்தியிருப்பாள்.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேசையோரம் இருந்த சின்ன ஸ்பீக்கரில், ஊருக்குப் போகிற ஒலியில், அவள் புருஷன் குரல் வந்தது: சுவிட்சப் போட்டது நான்தான்.

லைனில் அவன் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தான். "சத்தம் கேட்டுச்சு சார். கம்பி இரும்புல அடிக்கிற சத்தம். கட்டி உடையுதுன்னு நெனைச்சேன். அவன் உள்ளேருந்து தட்டியிருக்கான். ஒரு நிமிஷம் ஓட்டினேன். பூட்டு எங்கிட்டதான் இருக்கு. அவ்வளவுதான் சார். சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சினான். குரலில் எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு இளைப்பாறல். "நன்றிங்க. நீங்க பொறுமையா கேட்டீங்க."

தொண்டை 'ம்' என்று சொல்லவில்லை. "ஊரே கேட்டுச்சு தம்பி," என்றார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டான்.

பிறகு வந்த லைன்களை அவளால் எண்ண முடியவில்லை. நெட்டையின் மனைவியும் வந்தாள். காற்றில் பேச வேண்டாம் என்றாள்.

"உங்ககிட்ட சொன்னா போதும்க்கா. கேட்டேன். எம்பொண்ணும் கேட்டா. உங்க வீட்டு அண்ணன் குரல எனக்கு அடையாளம் தெரியுது. அவரு மேல எனக்குக் கோவம் வரும், நாளைக்கு நிறைய வரும். இன்னிக்கு வரல. இவ்வளவு பேர்ல ஒருத்தருக்குத் தைரியம் வந்துச்சே."

பதினொன்றரைக்கு மேலாளர் அவள் பையைக் கையில் கொடுத்தார். இனிமேல் வர வேண்டாம் என்பதை எழுத்தில் அனுப்புவதாகச் சொன்னார். தொண்டை வாசல் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். "நானும் ரொம்ப நாள் இருக்க மாட்டேன் கத்திரி. வீட்டுக்குப் போ. அவரைத் தனியா விடாத," என்றார்.

அவள் நடந்தே போனாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தி வழி விட்டார்கள். சலூனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவன் பாதிச் சவரத்தோடு திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனியாமல் நடந்தாள். உள்ளே எங்கேயோ ஒரு நிமிர்வு இருந்தது. என்ன வந்தாலும் வரட்டும், வக்கீல் பார்ப்போம், போலீஸுக்கு நாமாகவே போவோம், பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போவோம் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டே வந்தாள்.

சமையலறை நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஈரச் செருப்பைக் கழற்றவில்லை. செருப்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது. அது அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். அவன் தடுக்கவும் இல்லை, சாய்ந்து கொடுக்கவும் இல்லை.

"அவ கூப்பிட்டா," என்றாள். "உங்களுக்குத் தைரியம் வந்துச்சேன்னு சொன்னா. அழவே இல்ல. பொண்ணும் கேட்டுச்சாம்."

அவன் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேலை போச்சு. போகட்டும். பயமாத்தான் இருக்கு, ஆனா உங்களை நெனைச்சா எனக்குப் பெருமையா இருக்குங்க. சுவிட்சப் போட்டது நான்னு சொன்னீங்களே, அப்போ ஏழு செகண்ட் இருந்துச்சு. கை பொத்தான் மேலதான் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"போனை வெச்சிட்டு கேட் பக்கம் வந்தேன்," என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "வாச்மேன் ரேடியோவ மடில வெச்சிருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். 'நீங்களாண்ணே'ன்னான். எனக்கு முதல்ல புரியல. என்னடா நீங்களான்னேன்."

துண்டு அவன் தோளில் நின்றுவிட்டது.

"நீங்கதானே பேசணும்னு கூப்பிட்டீங்க?" என்றாள் கத்திரி.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை.

"எப்பவும் போல என்னையும் கிணத்துலதான் போட்டிருப்பன்னு நெனைச்சேன்டி."